சாவா மூவாப் பேராடு

நியூயார்க் நகரில் லெக்சிங்டன் சாலையும் 42ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் நிற்கும் கிரைஸ்லர் கட்டடத்தைப் படத்திலாவது பார்க்காதவர்கள் குறைவு. 1930ல் கட்டி முடித்தபோது உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான். ஆனால் அது நிற்கும் மனை, கட்டடத்தை வைத்திருந்தவர்களுக்குச் சொந்தமில்லை. அதே நகரில் தெற்கே சற்றுத் தள்ளி இருக்கும் ஒரு சிறிய கல்லூரிக்குச் சொந்தம். 1902 முதல் அந்த மனை கூப்பர் யூனியன் என்ற கல்வி அறநிலையத்தின் பெயரில் இருக்கிறது. குத்தகைதாரர்கள் மனைக்கு வாடகை கட்டிவந்தார்கள். நகராட்சிக்குப் போக வேண்டிய சொத்துவரிக்கு ஈடான தொகையையும் கல்லூரிக்கே கட்டிவந்தார்கள். 1859ல் நியூயார்க் மாநிலம் வழங்கிய சாசனப்படி கூப்பர் யூனியனின் சொத்துக்கு வரி கிடையாது. ஓவியம், கட்டடக்கலை, பொறியியல் ஆகிய மூன்றை மட்டும் சொல்லித்தரும் அந்தக் கல்லூரியில் பட்டப்படிப்பு மாணவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. 2013 வரை, நூறு ஆண்டுகளுக்கு மேலாக அவர்களில் ஒருவரும் படிப்புக் கட்டணம் என்று ஒரு காசு கட்டியதில்லை.

2013 ஏப்ரலில் கல்லூரியின் அறங்காவலர் குழு, அடுத்த ஆண்டு சேரும் மாணவர்களிடமிருந்து கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்தது. முழுக் கட்டணத்தில் பாதியை எல்லோருக்கும் உதவித்தொகையாகத் தள்ளிவிடுவோம், மீதிப் பாதியை வசதிக்கேற்ப வாங்குவோம் என்றார்கள். அந்த மீதிப் பாதியே ஆண்டுக்குச் சுமார் 20,000 டாலர். பணம் வேறு வழியில் கிடைக்கவில்லை, கல்லூரியை மூடுவதைவிடக் கட்டணம் வாங்குவது மேல் என்பது குழுவின் நியாயம். கொடையாளர் பீட்டர் கூப்பர் இறந்து 130 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒருவரும் திருடவில்லை. இந்த நிகழ்வை எடுத்துப் பேசத் தகுந்ததாக்குவது அதுதான். அறக்கட்டளை நிர்வாகத்தைப் பற்றித் தமிழில் நாம் பேசும்போது பேச்சு பெரும்பாலும் கைச்சுத்தத்தோடு நின்றுவிடுகிறது. தேனெடுத்தவன் புறங்கையை நக்கினானா இல்லையா என்று பார்க்கிறோம். நக்கியிருந்தால் பழிக்கிறோம், நக்கவில்லை என்றால் தர்மகர்த்தா நல்லவர் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். கூப்பர் யூனியனில் யாரும் புறங்கையை நக்கவில்லை. பானை உடைந்தது. தனக்கென்று ஒன்றும் எடுக்காதவர், நல்ல எண்ணத்தோடு செய்த காரியத்தால் அறம் குலைந்தால், அவர் மேல் குற்றம் உண்டா? உண்டு என்றால் எந்த இடத்தில்?

கூப்பரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1791ல் பிறந்தவர். பள்ளிக்குப் போனது மொத்தமாகவே ஓராண்டுக்கும் குறைவு. பசை காய்ச்சும் ஆலை வைத்துப் பணம் சேர்த்தார், இரும்பு ஆலை நடத்தினார், 1830ல் பால்டிமோர் ரயில் பாதைக்காக ஒரு சிறு நீராவி எஞ்சினைச் செய்து ஓட்டிக் காட்டினார். தான் படிக்க முடியாமல் போனது அவருக்குள் ஆறாத குறையாக இருந்தது. பகலில் வேலை செய்யும் தொழிலாளி இரவில் வந்து கணக்கும் வேதியியலும் வரைபடமும் கற்கும் இடமாக அவர் கூப்பர் யூனியனை 1859ல் திறந்தார். ஆண், பெண், நிறம், மதம் என்ற வேறுபாடு வேண்டாம் என்றார். யாரும் வந்து நாளிதழ் படிக்கலாம் என்று வாசகசாலையை இரவிலும் திறந்துவைத்தார். ஆபிரகாம் லிங்கன் 1860 பிப்ரவரியில் பேசி நாடறிந்த தலைவராக உயர்ந்தது அந்தக் கட்டடத்தின் அடித்தள மண்டபத்தில்தான். காற்றும் தண்ணீரும் போலக் கல்வியும் விலையில்லாமல் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் கூப்பரின் பெயரோடு ஒட்டிப்போய்விட்டது. தொடக்க ஆண்டுகளில் வசதியுள்ள சிலரிடம் கட்டணம் வாங்கியதும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆண்ட்ரூ கார்னகியும் கூப்பரின் வாரிசுகளும் கொடுத்த கொடைகளுக்குப் பிறகு, 1902 முதல்தான் யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை என்ற நிலை வந்தது.

அந்தக் கொடைகள் எல்லாம் ஒரே ஏற்பாட்டின் மேல் நின்றன. முதலைத் தொடக்கூடாது, அதிலிருந்து வரும் விளைச்சலைக் கொண்டு பாடம் நடக்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு இன்றைய நிதித்துறையில் பல பெயர்கள் இருக்கலாம். சோழர் காலக் கல்வெட்டுகளில் இருக்கும் பெயருக்கு ஈடாக ஒன்று கிடைக்குமா என்பது ஐயம். கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய வேண்டும் என்று ஒருவர் தொண்ணூற்றாறு ஆடு விடுவார். ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளைக் கல்வெட்டு 'சாவா மூவாப் பேராடு' என்று சொல்லும். ஆடு என்றால் சாகும், கிழடு தட்டும். அது எழுதியவருக்கும் தெரியும். கிழ ஆடு போனால் குட்டியை அந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எண்ணிக்கை என்றைக்கும் தொண்ணூற்றாறாக இருக்க வேண்டும் என்பது பொருள். இடையர் பாலைக் குடிக்கலாம், பெருகும் குட்டிகளை எடுத்துக்கொள்ளலாம், தன் பிழைப்பை அதில் நடத்தலாம். தொண்ணூற்றாறில் ஒன்று குறையக்கூடாது. விளக்கு ஒருநாளும் அணையக்கூடாது.

இந்தச் சொல்லில் ஒரு அறங்காவலரின் கடமை முழுக்க அடங்கியிருக்கிறது என்றே படுகிறது. ஆடு அவருடையது இல்லை. ஆனால் அவர் மேய்த்தால்தான் அது ஆடாக இருக்கும். மந்தையைப் பெருக்கிவிடலாம் என்று அவர் ஓநாய் திரியும் காட்டுக்கு ஓட்டிப்போனால், அது அவருடைய துணிச்சலாகத் தோன்றலாம். பணயம் வைத்தது இன்னொருவருடைய விளக்கை.

2006ல் கூப்பர் யூனியன் குழு செய்தது இந்த வகைக் காரியம். கிரைஸ்லர் மனையை ஈடாக வைத்து 17 கோடியே 50 லட்சம் டாலர் கடன் வாங்கினார்கள். பொறியியல் வகுப்புகளுக்காகப் புதிய கட்டடம் எழுப்ப ஒரு பங்கு. மீதியை முதலீட்டில் போட்டால் வட்டியைவிடக் கூடுதலாகவே வரும் என்பது கணக்கு. கடனுக்கான வட்டி மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 கோடி டாலர். அதே சமயம் கிரைஸ்லர் குத்தகையையும் திருத்தி எழுதினார்கள். ஆண்டுக்கு 77 லட்சத்து 50 ஆயிரம் டாலராக இருந்த மனை வாடகை 2018ல் 3 கோடியே 25 லட்சமாக உயரும் என்று அதில் இருந்தது. இடையில் இருக்கும் பன்னிரண்டு ஆண்டுகளைக் கடந்துவிட்டால் போதும். நன்கொடை வரும், பங்குச் சந்தை ஏறும், புதிய கட்டடம் புதிய கொடையாளர்களை இழுக்கும் என்று நம்பினார்கள். 2008ல் உலக நிதிச் சந்தை சரிந்தது. எதிர்பார்த்த நன்கொடை வரவில்லை. 2009ல் கட்டடம் மட்டும் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் தாம் மேய்ன் வடிவமைத்த, உலோக வலை போர்த்திய, பார்ப்பவர்களை நிற்கவைக்கும் கட்டடம்.

குழுவின் பக்கம் நின்று யோசிப்பதும் கடமை. பழைய ஆய்வுக்கூடங்களை வைத்துக்கொண்டு பொறியியல் சொல்லித்தந்தால் கட்டணம் இல்லாவிட்டாலும் அது மாணவருக்குச் செய்யும் துரோகம்தான். தரமில்லாத இலவசத்தை ஏழைக்குக் கொடுத்துவிட்டு அறம் செய்தோம் என்று சொல்லிக்கொள்ளும் பழக்கம் எல்லா நாட்டிலும் இருக்கிறது; அதைவிடக் கடன் வாங்கி நல்ல ஆய்வுக்கூடம் கட்டுவது மேல் என்று ஒருவர் நினைத்தால் அவரைப் பழிக்க முடியாது. மனையை அடகு வைக்க அவர்கள் ஒளிந்து போகவும் இல்லை. நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி பெற்றார்கள். 2008ன் சரிவை முன்கூட்டிச் சொன்னவர்கள் உலகத்திலேயே சிலர்தான். பின்னால் நடந்ததை வைத்து முன்னால் எடுத்த முடிவை அளப்பது எளிது, நியாயமில்லாததும்கூட.

இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் இரண்டு இடங்களில் மனம் ஒப்பவில்லை.

ஒன்று, அந்தக் கணக்கின் உள்ளமைப்பு. எல்லாம் நினைத்தபடி நடந்திருந்தால் புகழ் யாருக்கு? புதிய கட்டடத்தைத் திறந்துவைத்த குழுவுக்கும் தலைவருக்கும். தவறினால் இழப்பு யாருக்கு? 2006ல் பத்து வயது ஆகியிருந்த, கூப்பர் யூனியன் என்ற பெயரையே கேட்டிராத ஏதோ ஒரு பிள்ளைக்கு. லாபமும் நட்டமும் வெவ்வேறு ஆட்களிடம் போய்ச் சேரும்படி வைக்கப்படும் எந்தப் பந்தயத்திலும், பந்தயம் வைப்பவர் தன் துணிச்சலைத் தானே மெச்சிக்கொள்ள உரிமையில்லை. சொந்தப் பணத்தில் வியாபாரி எடுக்கும் துணிவுக்கும் இதற்கும் பெயர் ஒன்றாக இருக்கலாம், குணம் ஒன்றில்லை. கூப்பர் யூனியன் குழுவில் தொழிலிலும் நிதித்துறையிலும் வென்றவர்கள் பலர் இருந்தார்கள். தங்கள் தொழிலில் அவர்களை உயர்த்திய அதே பழக்கம் இங்கே அவர்களைத் தவறவைத்தது என்று நினைக்க இடமிருக்கிறது. பணக்காரரை அறங்காவலராக வைத்தால் அறம் வளரும் என்ற நம்பிக்கை நம் ஊர்களிலும் ஆழமானது. பணம் சேர்க்கத் தெரிந்தவருக்குப் பணம் காக்கத் தெரியும் என்பது உறுதியில்லை.

இரண்டாவது, அதைவிடக் கனமானது. 2006க்கும் 2011க்கும் இடையில் வந்த மௌனம். பிற கல்லூரிகள் நிதிச் சரிவில் தத்தளித்தபோது கூப்பர் யூனியன் மட்டும் உறுதியாக நிற்கிறது என்ற தோற்றம்தான் வெளியே இருந்தது. உள்ளே ஆண்டுதோறும் ஒரு கோடி டாலருக்கு மேல் பற்றாக்குறை விழுந்துகொண்டிருந்தது. 2011 இலையுதிர் காலத்தில், புதிதாக வந்த தலைவர் வாய் திறந்தபோதுதான் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் நிலைமை தெரிந்தது. அப்போது பெரும்பாலான கதவுகள் அடைபட்டுவிட்டன. கடன் கையெழுத்தாகிவிட்டது, கட்டடம் எழுந்துவிட்டது. செலவைக் குறைக்கலாம், பழைய மாணவர்களிடம் கை நீட்டலாம், கட்டடத்தைச் சிறிதாக்கலாம் என்ற வழிகள் எல்லாம் முன்பே தெரிந்திருந்தால் பேசிப் பார்த்திருக்கலாம். 2013ல் குழு மக்கள் முன் வைத்த கேள்வி, கட்டணமா மூடுவிழாவா என்பது. அந்தக் கேள்வியில் இரண்டே விடைகள் மிஞ்சியதற்கு யார் காரணம் என்ற கேள்வியை அது விழுங்கிவிட்டது. நெருக்கடியில் எடுத்த முடிவு நியாயமாகவே இருக்கலாம். நெருக்கடி வரும்வரை ஊரிடம் சொல்லாமல் இருந்தது நியாயமாகாது.

கொடையாளரின் சொல்லை மீறினார்கள், அதனால் தவறு என்று சொல்லி முடித்துவிடலாமே என்று தோன்றும். பல மாணவர்கள் அப்படித்தான் வாதாடினார்கள். குழுவோ 1859ன் சாசனச் சொற்களை எடுத்து வைத்து, எல்லாப் பட்டப்படிப்பும் இலவசம் என்று கூப்பர் கட்டாயப்படுத்தவில்லை என்றது. இரு தரப்பும் இறந்துபோன மனிதரின் வாயைத் தங்கள் பக்கம் திருப்பப் பார்த்தன. ஆனால் கொடையாளரின் சொல் மாற்றமுடியாதது என்ற வாதத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. அதைப் பார்க்கச் சென்னைக்கு வர வேண்டும்.

பச்சையப்பர் 1754ல் ஏழைக் குடும்பத்தில், தந்தை இறந்த பிறகு பிறந்தவர். நாராயண பிள்ளை என்ற துபாஷியின் (மொழிபெயர்ப்புத் தரகரின்) ஆதரவில் வளர்ந்து, தானும் துபாஷியாகி, பெரும் பணம் சேர்த்து, நாற்பது வயதில் 1794ல் இறந்தார். இறப்பதற்குச் சில நாள் முன்பு எழுதிய உயிலில் அவர் பணத்தை விட்டது பெரும்பாலும் கோயில் கைங்கரியங்களுக்கும் தருமங்களுக்கும். பல ஆண்டுகள் அந்தப் பணம் எழுதியபடி செலவாகவில்லை. பொறுப்பில் இருந்தவர்களுக்கிடையே வழக்கு, உறவினர்கள் வழக்கு, இழுபறி. கடைசியில் சென்னை அரசின் தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன் போன்றவர்கள் முயன்று, அன்றைய சுப்ரீம் கோர்ட் 1832ல் தீர்ப்பளித்தது. கோயில் கட்டளைகளுக்கான பங்கு தனியாக ஒதுக்கப்பட்டது. இத்தனை ஆண்டு வட்டியில் குவிந்திருந்த மிகை கல்விக்குத் திருப்பப்பட்டது. 1842ல் பள்ளி திறந்தது. அது வளர்ந்து கல்லூரியானது. கணித மேதை இராமானுஜன் சில காலம் படித்ததும், அண்ணா பொருளாதாரம் படித்ததும் அங்கேதான்.

பச்சையப்பர் தன் உயிலில் ஆங்கிலப் பள்ளி கேட்கவில்லை. கொடையாளரின் சொல்லை எழுத்துப் பிசகாமல் காப்பதே அறம் என்றால் பச்சையப்பன் கல்லூரி ஒரு மீறல். அப்படிச் சொல்லத் தமிழ்நாட்டில் இன்று யாருக்கும் மனம் வராது. இன்னொரு மாற்றமும் நடந்தது: இந்து மாணவர்களுக்கு மட்டும் என்றிருந்த சேர்க்கை 1947ல் எல்லோருக்குமாகத் திறக்கப்பட்டது. அதுவும் சரியே. காலம் மாறும்போது நோக்கத்தின் உருவம் மாறலாம், சில வேளை மாற வேண்டும். ஆங்கிலக் கல்விக்குப் பணத்தைத் திருப்பியதில் ஆள்பவர்களின் வசதியும் கலந்திருந்தது என்பது உண்மைதான். ஆனாலும் அந்த மாற்றம் நடந்த விதத்தில் கவனிக்க வேண்டியவை உண்டு. கொடையாளர் சொன்ன கோயில் பங்கு முதலில் காப்பாற்றப்பட்டது. முதல் குறையவில்லை. மாற்றியவர்கள் பணத்தை வைத்திருந்தவர்கள் இல்லை. அவர்களிடம் கணக்குக் கேட்டவர்கள். நடந்தது வழக்காடும் இரு தரப்பும் நேரில் நின்ற இடத்தில்.

கூப்பர் யூனியனும் 2006ல் நீதிமன்றத்துக்குத்தானே போனது என்று கேட்கலாம். போனது. ஆனால் அங்கே வைக்கப்பட்ட கேள்வி மனையை அடகு வைக்கலாமா என்பது. அந்த அடகின் மறுமுனையில் இலவசக் கல்வி தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை அறிந்து பேச மாணவர்களும் பழைய மாணவர்களும் அந்த அறையில் இல்லை. ஒரு தரப்பின் கணக்கை மட்டும் கேட்டுக் கொடுக்கப்படும் அனுமதி சட்டத்துக்குப் போதுமானது. அறத்துக்கு அது பாதி.

அறக்கட்டளையில் முக்கியமான இருவரும் எப்போதும் அவையில் இருப்பதில்லை. கொடுத்தவர் இறந்துவிட்டார். பெற வேண்டியவர் இன்னும் வரவில்லை, பல சமயம் பிறக்கவே இல்லை. நடுவில் இருக்கும் அறங்காவலர் இந்த இருவரில் யாருக்கும் முகம் கொடுக்க வேண்டியதில்லை. இருவருக்குமாகப் பேசக்கூடியது கணக்கு ஒன்றுதான். வங்கியில் என்ன இருக்கிறது, எதை ஈடாக வைத்தோம், எந்த ஆண்டில் எவ்வளவு குறையும், குறைந்தால் என்ன செய்வோம் என்று ஊரறியச் சொல்வது ஒரு நிர்வாக நடைமுறை என்று நாம் நினைக்கப் பழகிவிட்டோம். தணிக்கையாளர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்கிறோம். கணக்குக் காட்டுவதை ஒரு நல்ல அறங்காவலர் தன் நேர்மையின் மேல் போடப்படும் சந்தேகமாக எடுத்துக்கொண்டு வருந்துவதும் உண்டு. 'என்னை நம்பவில்லையா' என்ற கேள்வியில் உண்மையான வலி இருக்கிறது. இருந்தாலும் அந்தக் கேள்வி பொருந்தாத இடத்தில் கேட்கப்படுகிறது. ஊர் அவரை நம்புகிறது. இறந்தவரும் பிறக்காதவரும் அவரை நம்புகிறார்களா என்று கேட்டறிய வழியில்லை. அவர்கள் சார்பில் யாராவது பார்க்க வேண்டியிருக்கிறது.

விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒரு கல்லூரியைப் பற்றிப் பேசுகிறது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள், அவர்களுக்காக விட்ட 45 வேலி நிலம். இளைய மாணவருக்கு நாள் ஒன்றுக்கு ஆறு நாழி நெல் என்பதுவரை கோயிலில் கல்லில் வெட்டியிருக்கிறது. அது வேதக் கல்வி. ஊரில் பெரும்பாலானோருக்கு அதன் கதவு மூடியே இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பெருமை பொய்யாகும். ஆனால் வரவும் செலவும் கல்லில் இருந்தன. அந்த மாணவருக்கு நாளை ஐந்து நாழி அளந்தால் சுவரைக் காட்டி ஒருவர் கேட்க முடியும். அக்காலக் கல்வெட்டுகள் பலவற்றின் கடைசியில் கொடையாளர் இன்னொன்றும் சொல்வார்: இந்த அறத்தைக் காக்கப்போகிறவரின் பாதம் என் தலைமேல் இருக்கட்டும் என்று. முகம் தெரியாத, இன்னும் பிறக்காத ஒரு காவலரின் காலடியில் அரசனும் தலையைக் கொடுக்கிறான். கொடுத்தவருடைய பெருமையைவிடக் காப்பவருடைய பொறுப்பு பெரிது என்று அறிந்தவர்களின் பணிவு அது. அந்தப் பணிவுக்கு உரியவராக இருப்பது சிறிய காரியம் இல்லை. ஊதியமில்லாமல், பெரும்பாலும் நன்றியும் இல்லாமல் அந்த வேலையைச் செய்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

நியூயார்க்கில் கணக்குக் கேட்டவர்கள் மாணவர்கள். 2013 மே மாதம் கல்லூரித் தலைவரின் அறையில் புகுந்து 65 நாள் அங்கேயே இருந்தார்கள். அப்போது படித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கட்டணம் இல்லை. அறிவிப்பு அடுத்த ஆண்டு சேரப்போகிறவர்களுக்குத்தான். தங்களைத் தொடாத ஒரு சுமைக்காக, யாரென்றே தெரியாத பிள்ளைகளுக்காக அவர்கள் தரையில் படுத்தார்கள். வராதவர் சார்பில் அவையில் நிற்க முடியாது என்பதற்கு அவர்கள் சொன்ன பதில் அதுவாக இருந்தது. 2014ல் ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் மாணவர்களும் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் விசாரணையைத் தொடங்கினார். 2015 ஜூனில் அறங்காவலர்கள் ஐந்து பேர் விலகினார்கள், கல்லூரித் தலைவரும் விலகினார். அந்த ஆண்டு செப்டம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. தனியாக ஒரு நிதிக் கண்காணிப்பாளர், குழுவில் மாணவர் பிரதிநிதிகள், இலவசக் கல்விக்குத் திரும்பும் வழியைத் தேடவே ஒரு துணைக்குழு.

உடன்பாட்டில் யாருக்கும் பணத்தைத் திருப்பித்தர உத்தரவிடப்படவில்லை. எடுத்தவர் இல்லாதபோது யாரிடம் கேட்பது? இங்கே நம் அறச்சொற்கள் தடுமாறுகின்றன. திருட்டுக்குத் தண்டனை இருக்கிறது, திருடாமல் தொலைத்ததற்கு இல்லை. இருக்கவும் கூடாது என்பதற்கு நல்ல காரணம் உண்டு. ஒவ்வொரு பிழைக்கும் அறங்காவலரின் சொந்தச் சொத்தைப் பிடித்தால் யாரும் அந்த இருக்கையில் உட்கார மாட்டார்கள், உட்காருகிறவர்களும் எதையும் செய்யத் துணிய மாட்டார்கள். மந்தையைப் பட்டியிலேயே அடைத்து வைத்தால் ஆடு மெலிந்து சாகும். தண்டனைக்குப் பதில் என்ன என்று யோசித்தால், பிழையைச் சீக்கிரம் சொல்லும் கடமை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. தொண்ணூற்றாறில் பத்து ஆடு போய்விட்டது என்று அன்றைக்கே சொல்கிற இடையரை ஊர் மன்னிக்கலாம், சேர்ந்து தேடலாம், குட்டி வாங்கிச் சேர்க்கலாம். எண்பத்தாறை வைத்துக்கொண்டு தொண்ணூற்றாறு என்று ஐந்து ஆண்டு சொல்லிவந்தவரிடம் ஊர் என்ன பேச முடியும்?

கூப்பர் யூனியன் திரும்பி நடக்கிறது. 2018 மார்ச்சில் குழு பத்தாண்டுத் திட்டம் ஒன்றை ஏற்றது: செலவைக் குறைப்பது, நன்கொடை திரட்டுவது, கையிருப்பைப் பெருக்குவது, படிப்படியாக உதவித்தொகையை உயர்த்தி எல்லோருக்கும் மீண்டும் இலவசமாக்குவது. 2024ல் இறுதி ஆண்டு மாணவர்களின் கட்டணத்தை நீக்கினார்கள். பாதை நேராக இல்லை. அதே ஆண்டு கிரைஸ்லர் குத்தகைதாரர் வாடகைப் பாக்கி வைத்ததால் கல்லூரி குத்தகையை ரத்து செய்யப் போராட வேண்டியிருந்தது. ஒரே ஒரு மனையின் மேல் ஒரு கல்லூரியின் அறம் முழுவதையும் ஏற்றிவைப்பதன் ஆபத்து இன்னும் தீரவில்லை.

இடையில் கட்டணம் கட்டியவர்களின் கடன் என்ன ஆகும் என்பதற்கு எந்தத் திட்டத்திலும் பதில் இல்லை. அறம் மீண்டும் முழுதாகும்போது அது அவர்களுக்குப் பின்னால் வருபவர்களுக்குத்தான் கிடைக்கும். முன்னால் இருந்தவர்களுக்கும் கிடைத்தது, பின்னால் வருபவர்களுக்கும் கிடைக்கும், நடுவில் இருந்தவர்கள் மட்டும் கட்டினார்கள். 2014ல் கட்டணத்தோடு உள்ளே வந்த முதல் அணியில் ஓவியமும் பொறியியலும் படித்தவர்கள் 2018ல் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே போனார்கள். கிரைஸ்லர் மனையின் புதிய வாடகை, ஆண்டுக்கு 3 கோடியே 25 லட்சம் டாலர், வரத் தொடங்கியதும் அந்த ஆண்டுதான்.